பார்பிக்யூ அடுப்பில் காய்ச்சிய டப்பு

போன மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி ஒரு பழைய படத்தைப் போட்டாள். நியூஜெர்சி பிரிட்ஜ்வாட்டரில் டீச்சர் ஆன்ட்டி வீட்டு பேஸ்மென்ட், தொண்ணூறுகளின் நடுவில் ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை, தமிழ் வகுப்பு. கார்ப்பெட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறோம். ஒருத்தன் கண்ணை மூடியிருக்கிறான், ஒருத்தி பக்கத்துப் பெண்ணின் தலைக்குப் பின்னால் கொம்பு வைக்கிறாள். பத்து நிமிஷத்தில் குழு முழுக்கச் சிவப்பு இதயங்கள். அந்த முறுக்கு என்ன, அந்த ஆரஞ்சு ஜூஸ் என்ன, ஆன்ட்டி மாதிரி யார் வருவார் என்று ஆளாளுக்கு உருகித் தள்ளினீர்கள். நான் ஒன்றும் போடவில்லை. "நீ மட்டும் ஏன் சைலன்ட்?" என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டீர்கள். கேட்டது உங்கள் தலையெழுத்து. இனி படித்துத்தான் ஆகவேண்டும்.

உங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் வாசிக்க வராது என்பது தெரியும். அத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் போய் என்ன பிரயோஜனம்? நான் ஐந்தாவது வரை மெட்ராஸில் படித்துவிட்டு வந்தவள், எனக்கு இன்னும் மறக்கவில்லை. வாசிக்க வராதவர்கள் அம்மாவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அம்மாக்களும் படிக்கட்டும், நல்லதுதான்.

அது நான் அமெரிக்கா வந்த இரண்டாவது கோடை. எனக்குப் பதினோரு வயது. உங்கள் வீடுகளிலெல்லாம் இரண்டு கார் நிற்கிற கராஜும் பின்னால் புல்வெளியும் இருந்தன. நாங்கள் இருந்தது அங்கிருந்து இருபது நிமிஷ டிரைவில் ஒரு அபார்ட்மென்ட். செங்கல் கட்டடங்கள், ஏ, பி, சி என்று பெயர். நடுவில் எல்லாருக்கும் பொதுவான பார்க்கிங் லாட். நாங்கள் சி-யில் மேல் மாடி. எங்களுக்கு நேர் கீழே தென்னமெரிக்காவின் கயானா நாட்டிலிருந்து வந்த ஒரு குடும்பம். அப்பா கம்ப்யூட்டர் கான்ட்ராக்டர், விடிந்தால் போய் இருட்டினால் வருவார். அம்மா கம்யூனிட்டி காலேஜில் அக்கவுன்ட்டிங் சேர்ந்திருந்தாள். அந்தக் கோடை முழுக்கப் பகலில் என்னைப் பார்த்துக்கொண்டது கீழ்வீட்டு கயானா ஆன்ட்டி.

அந்த வீட்டை வைத்து அம்மாவுக்கு முதலில் ஒரே குழப்பம். தபால் பெட்டியில் இருந்த பெயர் 'சாமி' என்று முடிந்தது. உள்ளே போனால் ஷெல்ஃபில் மாரியம்மன் படம், மஞ்சள் துணி, வேப்பிலைக்குப் பதிலாக ஏதோ ஒரு அமெரிக்க இலை. ஆனால் ஒரு வார்த்தை தமிழ் வராது. அவர்கள் பேசிய இங்கிலீஷும் எங்களுக்குப் பாதிதான் விளங்கும். "நம்ம ஆளுங்க மாதிரி இருக்காங்க, ஆனா நம்ம ஆளுங்க இல்ல," என்று அம்மா அப்பாவிடம் சொன்னாள். எனக்கு அதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. ஆன்ட்டி சுடுகிற பருப்பு ரொட்டியும் பூசணிக்காய் கறியும் போதும். கூடவே ஒரு மிளகாய் சாஸ் இருக்கும், நாக்கில் தொட்டால் காது அடைக்கும்.

கயானா அங்கிள் ஏர்போர்ட் வேன் ஓட்டினார். பெரிய தொப்பை, அதைவிடப் பெரிய சிரிப்பு. ஆகஸ்டில் அவர் மகளுக்குக் கல்யாணம். அதனால் ஜூலையிலேயே வீடு களைகட்டிவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் நியூயார்க்கிலிருந்து அவருடைய தம்பிமார் வந்துவிடுவார்கள். பீரோ மேலிருந்து ஒரு தலையணை உறையை இறக்குவார் அங்கிள். அதற்குள்தான் டப்பு இருந்தது. முறம் அகலத்துக்கு ஒரு மரச் சட்டம், அதில் இழுத்துக் கட்டின ஆட்டுத்தோல். தோளில் மாட்டி, மார்போடு அணைத்துக்கொண்டு, இரண்டு குச்சியால் அடிக்க வேண்டும்.

அடிப்பதற்கு முன்னால் தோல் சூடேற வேண்டும். கயானாவில் வைக்கோல் கொளுத்துவார்களாம். நியூஜெர்சியில் வைக்கோலைக் கொளுத்தினால் ஃபயர் டிபார்ட்மென்ட் வந்து நிற்கும். அங்கிள் பார்க்கிங் லாட் ஓரத்தில் பார்பிக்யூ அடுப்பைப் பற்றவைத்து, ஒரு பக்கம் கோழி, மறு பக்கம் டப்பு என்று இரண்டையும் திருப்பித் திருப்பிக் காட்டுவார். சூடான தோலில் ஒரு வாசம் வரும், மசாலாவும் புகையும் ஆட்டு மயிரும் கலந்த வாசம். இன்றைக்கும் யாராவது கிரில் போட்டால் என் மூக்கு அதைத்தான் தேடும்.

வேனில் ஒரு பெரிய ஸ்பீக்கர் வைத்திருந்தார். கேசட்டைப் போட்டு காது கிழியச் சத்தம் வைப்பார். கீபோர்டு, கிட்டார், இடுப்பை ஆட்டச் சொல்லும் ஒரு பாட்டுக்காரி. "கேள், அடியில் என்ன ஓடுகிறது கேள்," என்று என் தலையைப் பிடித்து ஸ்பீக்கர் பக்கம் திருப்புவார். கேட்டால் எல்லாச் சத்தத்துக்கும் கீழே அந்த டப்பு அடி கேட்கும். அந்தக் காலத்தில் கயானாக் கரும்புத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குக் கப்பலில் வந்தவர்களில் வடக்கத்திக்காரர்கள் டோலக்கைக் கொண்டுவந்தார்களாம், மெட்ராஸ்காரர்கள் டப்பைக் கொண்டுவந்தார்களாம். அம்மன் பூஜைக்கு அடித்தது கல்யாணத்துக்கு வந்து, கல்யாணத்திலிருந்து சாராயக்கடைப் பாட்டுக்குப் போய், இப்போது எலெக்ட்ரிக் கிட்டாருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறது என்பார். "டேக் அவுட் தி டிரம், அண்ட் தி சாங் டெட்," என்று முடிப்பார். ஒவ்வொரு முறையும் அதே பிரசங்கம்தான்.

என் அப்பாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். நம் ஆட்கள் பார்ட்டிகளில் அவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள், ஆனால் ஞாபகம் இருக்காது. கோட்டு மாட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் பேப்பர் பிளேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார். யாராவது "எந்த ஊருங்க?" என்றால் மதுரை. "மதுரைல எங்க?" என்றால் டவுன்தான். "அப்பா என்ன பண்ணிட்டிருந்தாங்க?" என்றால் அம்மா எங்கிருந்தாவது வந்து, "எங்க அப்பா ஸ்கூல் டீச்சர்," என்று தன் அப்பாவைச் சொல்வாள். ஒரு தடவை ஒரு அங்கிள் விடாமல், "குலதெய்வம் எதுங்க?" என்றார். "முருகன்தாங்க," என்றார் அப்பா. "முருகன் எல்லாருக்கும்தான் சார் தெய்வம்!" என்று அங்கிள் சிரித்தார், அப்பாவும் கூடச் சிரித்தார். காரில் திரும்பும்போது ஏன் யாரும் பேசவில்லை என்று எனக்குப் புரியவில்லை. லீவுக்கு அப்பா ஊருக்குப் போகாத ஒரே குழந்தை நான்தான் என்பதும் எனக்கு உறைத்ததில்லை.

ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை. மணி ஏழு இருக்கும், வெயில் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. ஆபீஸிலிருந்து வந்த அப்பா என்னைக் கூட்டிப்போக பார்க்கிங் லாட்டுக்கு வந்தார். இன் பண்ணின சட்டை, பெல்ட்டில் ஆபீஸ் பேட்ஜ். அங்கிளும் தம்பிமாரும் அடித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா வந்த இடத்திலேயே நின்றுவிட்டார். நான் பையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றும் நகரவில்லை.

"சூடு பத்தல," என்றார். என்னிடம் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. பிறகு நேராக அங்கிளிடம் போய் இங்கிலீஷில், "மே ஐ?" என்று கேட்டு டப்பை வாங்கினார். அடுப்பருகே குந்தி உட்கார்ந்து, தோலை நெருப்புக்கு நெருக்கமாகக் காட்டி, விரலால் சுண்டிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் காட்டி, மறுபடி சுண்டினார். டண் என்று கேட்டது. குட்டையான தடிக்குச்சியை வலது கையிலும் நீளமான மெல்லிய குச்சியை இடது கையிலும் எடுத்தார். வாரைத் தோளில் மாட்டினார். அடித்தார்.

சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை என் அப்பா விசில் அடித்துக்கூட நான் கேட்டதில்லை. அந்த மனிதர் காலை அகட்டி, முன்னால் ஒரு எட்டு, பின்னால் ஒரு எட்டு வைத்து ஆடிக்கொண்டே அடிக்கிறார். ஆபீஸ் பேட்ஜ் இடுப்பில் துள்ளுகிறது. தம்பிமார் வாயைப் பிளந்து நின்று, பிறகு ஓடிப்போய் அவரவர் டப்பை எடுத்துக்கொண்டு சேர்ந்துகொண்டார்கள். கயானா ஆன்ட்டி கரண்டியோடு வெளியே வந்து அப்படியே இடுப்பை ஆட்ட ஆரம்பித்துவிட்டாள். முடித்தபோது அப்பாவின் முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. அங்கிள் அவரைத் தூக்காத குறையாகக் கட்டிப்பிடித்தார்.

"யார் சொல்லிக்கொடுத்தது?" என்று அங்கிள் கேட்டார். அப்பா மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "மை ஃபாதர். கோயில் கொடையில் அடிப்பார். சாவு வீட்டில் அடிப்பார். ஏழு வயதிலிருந்து நானும் கூடப் போவேன். காலேஜில் சீட் கிடைத்த அன்றைக்கு விட்டேன்." பிறகு அப்பா ஒரு கேள்வி கேட்டார். உங்கள் ஊரில் இதை யார் வேண்டுமானாலும் அடிக்கலாமா? அங்கிளுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "ஹூ காட் ஹேண்ட், கேன் பீட்," என்றார். கை இருக்கிறவன் அடிப்பான், இதில் என்ன இருக்கிறது? கல்யாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை மண் எடுக்கிற சடங்கு, நீயும் வந்து அடிக்க வேண்டும், அடிக்கிறவனுக்குத்தான் முதல் சாப்பாடு என்றார். அப்பா தலையாட்டியதை நான் பார்த்தேன்.

அம்மா பால்கனியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். வீட்டுச் செருப்போடு கீழே வந்து, "ஏங்க, மேல வாங்க," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அப்பா டப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பின்னாலேயே போனார்.

வீட்டில் ஏசி ஓடவில்லை. அந்தப் புழுக்கத்திலும் அம்மா பால்கனிக் கதவை இழுத்துச் சாத்தினாள்.

"பி பில்டிங்ல நம்ம ஆளுங்க ரெண்டு வீடு இருக்கு. மறந்துட்டீங்களா?"

"யாரும் பாக்கல."

"பாத்தா? இத்தன வருஷம் வாயக் கட்டி வந்ததெல்லாம் என்ன ஆகும்? எனக்குன்னு இங்க இருக்கிறதே அந்த நாலு பேருதான். நம்ம பொண்ணு வாரா வாரம் டீச்சர் ஆன்ட்டி வீட்டுக்குப் போறா."

அபார்ட்மென்ட் மேனேஜருக்குச் சத்தம் பிடிக்காது, அதற்குத்தான் அம்மா பயப்படுகிறாள் என்று நான் நினைத்தேன். "மேனேஜர் ஒண்ணும் சொல்ல மாட்டார்மா, கயானா அங்கிள் அவருக்கு சிக்கன் குடுப்பார்," என்றேன். இரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்பா தடுத்துவிட்டார்.

"வேணாம். அவளுக்கு ஒண்ணும் தெரிய வேணாம். தெரிஞ்சாத்தான் தலை குனிவா. தெரியாமயே வளரட்டும்."

"அப்ப நீங்க கல்யாணத்துல அடிக்கக் கூடாது."

"சரி. அடிக்கல."

இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. ரகசியத்தை என்னிடமிருந்தே மறைத்துவிட்டார்கள். இது ரகசியம் என்பதே தெரியாத பிள்ளை அதை எப்படிக் காப்பாற்றும்? "வெளியே சொல்லாதே" என்று சொன்னால் "ஏன்" என்று கேட்பேன். அந்த ஏனுக்குப் பயந்து அதைக்கூடச் சொல்லாமல் விட்டார்கள். அவர்கள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேனோ என்னவோ.

மெட்ராஸில் தெருவில் சாவு போனால் அம்மா ஓடிவந்து ஜன்னலைச் சாத்துவாள். சத்தம் எனக்குத் தெரியும், கருவியைக் கண்ணால் பார்த்ததில்லை. அந்தச் சத்தமும் இந்த டப்பும் ஒன்று என்பதுகூட எனக்குத் தோன்றவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் என் அப்பா ஒரு ஸ்டார் என்பதுதான்.

அடுத்த ஞாயிறு வகுப்பில் டீச்சர் ஆன்ட்டி எல்லாரையும் 'என் அப்பா' என்று ஐந்து வாக்கியம் சொல்லச் சொன்னார். உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? ஒருத்தன் "என் அப்பா கார் ஓட்டுவார்" என்று ஐந்து வாக்கியத்தையும் ஓட்டியே முடித்தான். என் முறை வந்தது. நான் எழுந்து நின்று, கையை ஆட்டி, காலை அகட்டிக் காட்டியே சொன்னேன். என் அப்பா டிரம் அடிப்பார். அது வட்டமாக இருக்கும், ஆட்டுத்தோல். நெருப்பில் காய்ச்ச வேண்டும், அது என் அப்பாவுக்கு மட்டும்தான் சரியாகத் தெரியும். என் தாத்தா சொல்லிக்கொடுத்தார்.

ஆன்ட்டி கையிலிருந்த மார்க்கரை மூடினார். முகம் அப்படியே மலர்ச்சியாகத்தான் இருந்தது.

"தாத்தாவா? தாத்தா ஸ்கூல் டீச்சர்னுதானேம்மா அம்மா சொன்னாங்க?"

"அது அம்மாவோட அப்பா, ஆன்ட்டி. இது அப்பாவோட அப்பா."

"ஓ. அவர் எங்க வாசிப்பார், கண்ணா?"

"கோயில்ல. அப்புறம் யாராவது செத்துப்போனா அங்க."

"வெரி குட். உக்காரும்மா."

அன்று எனக்கு இரண்டு முறுக்கு கூடக் கிடைத்தது. பெருமை தாங்கவில்லை. பாராட்டு வாங்கிவிட்டதாக அம்மாவிடம் சொன்னேன், எதற்கென்று அவளும் கேட்கவில்லை. பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

அதற்கு அடுத்த ஞாயிறு. வகுப்பு முடிந்ததும் வழக்கம்போல ஆன்ட்டி தட்டில் டம்ளர்களை வைத்து ஜூஸ் கொண்டுவந்தார். அந்த ஸ்டீல் டம்ளர்களைத்தானே குழுவில் அப்படிக் கொஞ்சினீர்கள்? உங்கள் எல்லாருக்கும் அதில்தான் கொடுத்தார். எனக்கு மட்டும் ஒரு பேப்பர் கப். பிறந்தநாள் பார்ட்டியில் மிஞ்சினது போல, பலூன் படம் போட்டது. மஞ்சள் பலூன், சிவப்பு பலூன். உங்களில் ஒருத்தி, "நாட் ஃபேர், எனக்கும் பலூன் கப் வேணும்," என்று அழுதாள். "அது அவளுக்கு மட்டும்," என்றார் ஆன்ட்டி. நான் அந்த ஜூஸை எவ்வளவு மெதுவாகக் குடித்தேன் தெரியுமா? குடித்து முடித்து, கப்பைக் குழாயில் கழுவி, துடைத்து, பையில் வைத்துக்கொண்டேன்.

அம்மாவுக்கு அப்போதுதான் டிரைவிங் லைசன்ஸ் கிடைத்திருந்தது. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, ஆமை வேகத்தில் ஓட்டுவாள். பின்சீட்டில் உட்கார்ந்து கப்பை எடுத்து கண்ணாடியில் அவளுக்குத் தெரிகிறமாதிரி ஆட்டினேன்.

"எல்லாருக்கும் ஸ்டீல் டம்ளர்மா. எனக்கு மட்டும் ஸ்பெஷல் கப்! டிரம் பத்தி நல்லா சொன்னேன்ல, அதுக்குத்தான்."

அம்மா ஏதோ ஒரு பேங்கின் பார்க்கிங்கில் காரைத் திருப்பி நிறுத்தினாள். எஞ்சினை அணைக்கவில்லை. "என்ன சொன்ன? முழுசா சொல்லு," என்றாள். சொன்னேன். தாத்தா, கோயில், சாவு வீடு, இரண்டு முறுக்கு, எல்லாம். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். பாதியில் எனக்கே பயம் வந்துவிட்டது. உயிரோடு இருக்கிற ஒரு முகம் அப்படி வெளுத்துப்போய் நான் பார்த்ததில்லை. அழுவாள் என்று நினைத்தேன். அவள் காரை எடுத்து, வந்த வழியே திரும்பினாள்.

டீச்சர் ஆன்ட்டி சமையலறையில் டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். "அச்சோ, எதையாவது மறந்துட்டாளா?" என்றார்.

"கொஞ்சம் தண்ணி குடுங்க. தொண்ட வறண்டு போச்சு," என்றாள் அம்மா.

ஆன்ட்டியின் கை மேல் அலமாரிக்குப் போனது. அதே பலூன் கப்புகள் ஒரு அடுக்கு இருந்தது.

"அதுல வேணாங்க. இதுல குடிச்சுக்கிறேன்." அம்மாவே கவிழ்த்துவைத்த டம்ளர் ஒன்றை எடுத்தாள்.

"அது இன்னும் சரியா கழுவல..."

"பரவால்ல."

குழாயில் பிடித்தாள். நம் வீடுகளில் டம்ளரைத் தூக்கித்தானே குடிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள், எச்சில் படக் கூடாது என்று? அம்மா உதட்டை வைத்துக் குடித்தாள். அவசரமே இல்லாமல், ஒவ்வொரு மடக்காக, கடைசிச் சொட்டு வரை. பிறகு டம்ளரை உதறி, மற்ற டம்ளர்களுக்கு நடுவில் கவிழ்த்தாள். அதோடு விடவில்லை. இரண்டு கையாலும் அத்தனை டம்ளர்களையும் இடம் மாற்றி மாற்றிக் கலைத்துவைத்தாள்.

"எல்லாம் ஒரே மாதிரி இருக்குல்ல?" என்றாள்.

ஆன்ட்டி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு அப்படியெல்லாம் கிடையாதுங்க. என் ஃப்ரெண்ட்ஸ்ல எல்லாரும் இருக்காங்க. சில பேரண்ட்ஸ் போன் பண்ணிக் கேட்டாங்க, நாலு பேர் வீட்டுக் குழந்தைங்க வர்ற இடம், நான் என்ன பண்றது..."

அந்தச் சில பேரண்ட்ஸ் யார் என்று அம்மா கேட்கவில்லை. நானும் இன்றைக்கு உங்களிடம் கேட்கப் போவதில்லை. வகுப்பில் நான் சொன்னதை வீட்டில் போய்ச் சொன்னது நீங்கள்தான் என்பது மட்டும் தெரியும். பத்துப் பதினோரு வயசு, உங்களுக்கும்தான் என்ன தெரியும்.

திரும்பும் வழியில் அம்மா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அப்பாவின் தெரு ஊருக்கு வெளியே இருந்தது. அதற்குக் காலனி என்று பெயர். ஊரில் சாவு விழுந்தால் தாத்தாவுக்கு ஆள் வரும், போய்ப் பறை அடிக்க வேண்டும். முடியாது என்று சொல்கிற வழக்கமே கிடையாது. அடித்து முடித்தால் தெருவில் நின்று சாப்பிட வேண்டும். டீக்கடையில் தனி கிளாஸ். "நம்ம உன்ன கூட்டிட்டு விமானம் ஏறி இம்புட்டுத் தூரம் வந்தோம். அந்த கிளாஸ் நமக்கு முன்னாடியே வந்து இங்க உக்காந்திருக்கு," என்றாள். பிறகு, "உன் மேல ஒரு குத்தமும் இல்ல கண்ணு. நாங்க சொல்லியிருக்கணும்," என்றாள். என் மடியில் அந்தக் கப் இருந்தது. தொடக் கூச்சமாக இருந்தது, தூக்கிப் போடவும் தெரியவில்லை. எனக்கு வாந்தி வந்தது. அம்மா காரை நிறுத்த, ரோட்டோரத்தில் எடுத்தேன்.

நான் வகுப்புக்குப் போவது அதோடு நின்றது. போன்கள் நின்றன. வாரா வாரம் அம்மாவோடு மணிக்கணக்காகப் பேசிய ஆன்ட்டிகள் ஒவ்வொருத்தராக பிஸி ஆனார்கள். அம்மா ஒரு வாரம் பொறுத்தாள். பிறகு ஒருநாள் சாப்பிடும்போது அப்பாவிடம், "ஒளிச்சு வச்சு என்னத்தக் கண்டோம்? வெள்ளிக்கிழமை போய் அடிங்க," என்றாள். அன்றிரவு மேஜை விளிம்பில் அப்பாவின் விரல்கள் தாளம் போட்டுக்கொண்டிருந்தன.

கல்யாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை. வெயில் சாய்கிற நேரம். பார்க்கிங் லாட்டில் எங்கு பார்த்தாலும் கயானாக்காரர்கள். பெண்கள் டப்புகளைச் சுற்றி நின்று அவற்றுக்குப் பொட்டு வைத்தார்கள். கயானா ஆன்ட்டி குங்குமத் தட்டை அம்மா கையில் கொடுத்தாள். அம்மா, அப்பா அடிக்கப்போகிற டப்புக்குப் பொட்டு வைத்தாள். குங்குமம் தோலில் நீளமாக இழுபட்டுவிட்டது. அப்பா அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பிறந்த ஊரில் அந்தக் கருவிக்கு யாரும் இப்படி மரியாதை செய்து அவர் பார்த்திருக்க மாட்டார்.

அப்பா முன்னால் அடித்துக்கொண்டு போனார். பெண்கள் ஆடிக்கொண்டே பின்னால் போய், சி பில்டிங்குக்குப் பின்புற மரத்தடியில் மண் எடுத்தார்கள். திரும்பி வந்ததும் வேன் ஸ்பீக்கரில் பாட்டு, அதற்கு மேல் டப்பு. ஊரே ஆடியது. அம்மாகூடக் கை தட்டினாள்.

நான் அடுப்புப் பக்கம் ஒதுங்கி நின்றிருந்தேன். நியூயார்க்கிலிருந்து வந்திருந்த என் வயதுப் பெண் ஒருத்தி, காதில் பெரிய வளையம் போட்டவள், மூச்சிரைக்க என்னிடம் ஓடிவந்தாள். "அந்த மேன் சூப்பரா அடிக்கிறார்! இஸ் தட் யுவர் டாடி?" என்று கேட்டாள். அவள் கண்ணில் இருந்தது முழுக்க ஆசை. இப்படி ஒரு அப்பா எனக்கு இல்லையே என்கிற ஆசை.

நான் நிமிர்ந்து பார்த்தேன். பி பில்டிங் பால்கனிகளில் நம் ஆட்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நோ," என்றேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் இதே அப்பாவைப் பற்றிக் காலை அகட்டி ஆடிக்காட்டியவள் நான். யாரும் என்னை மிரட்டவில்லை, யாரும் சொல்லச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொன்னது.

டப்பின் சூடு ஆறிவிட்டதால் காய்ச்சுவதற்கு அப்பா எங்கள் பின்னால் வந்து நின்றிருந்தார். அந்தப் பெண் விடவில்லை, அவரிடமே கேட்டுவிட்டாள். "மிஸ்டர், நீங்க இவ அப்பா இல்லையா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் பார்த்த திசையில் பால்கனியைப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணிடம் குனிந்து சிரித்துக்கொண்டே, "நோ, நோ. ஐ ஜஸ்ட் லிவ் அப்ஸ்டேர்ஸ். ஹர் ஃபாதர் இஸ் எ பிக் இன்ஜினியர்," என்றார். குரலில் ஒரு பிசிறு இல்லை. எத்தனை பார்ட்டியில் பழகிய குரல் அது. பிறகு தோலை நெருப்பில் காட்டி, சுண்டிப் பார்த்து, வாரை மாட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டார்.

டீச்சர் ஆன்ட்டியை மன்னித்துவிட்டாயா என்று உங்களில் யாராவது கேட்பீர்கள். அந்தக் கணக்கு அப்புறம் இருக்கட்டும். அப்பாவுக்கு இப்போது எழுபத்திரண்டு வயது. என் வீட்டிலிருந்து நாற்பது நிமிஷ டிரைவில்தான் இருக்கிறார். போன ஞாயிறுகூட முக்கால் மணி நேரம் போனில் பேசினோம். அவருடைய முட்டிவலி, என் மகளின் காலேஜ், மழை, அடுத்த மாதம் வரும் கண் ஆபரேஷன். அந்த "நோ"வைத் தவிர மற்ற எல்லாம் பேசினோம்.